இறக்கியதெல்லாம் திறக்குமா?

2013இல் இணையத்தில் படிக்கக் கிடைத்த பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டு கழித்துத் தேடினால் இல்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்குக் காட்டியது. அதே ஆய்வில், ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளில் 54 சதவீதத்தில் குறைந்தது ஒரு மேற்கோள் சுட்டியாவது செத்துப்போயிருந்தது. அதற்குப் பத்து வருடம் முன்பே ஹார்வர்ட் சட்டப் பள்ளிக்காரர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் கொடுத்திருந்த இணைய முகவரிகளைச் சோதித்தார்கள். பாதி முகவரிகளில், தீர்ப்பு எந்தத் தகவலைக் காட்டியதோ அது இல்லை. உச்ச நீதிமன்ற அடிக்குறிப்புக்கே இந்தக் கதி என்றால், 2005இல் யாரோ பிளாகரில் எழுதிவைத்த நாவல் விமர்சனம் எந்த மூலைக்கு?

பிடித்த தளத்தை முழுசாக இறக்கி ஹார்ட் டிஸ்கில் போட்டுவைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை இணையத்தின் வயதுக்கு ஒன்றிரண்டு வருடம்தான் இளையது. மணிக்கு இத்தனை ரூபாய் என்று பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்த காலத்தில் அது சிக்கனம். இன்று அதைச் செய்யத் தூண்டுவது பயம். கருவிகள் அன்றும் இலவசம், இன்றும் இலவசம். ஆனால் இறக்குவது பாதி வேலைகூட இல்லை என்பது என் கட்சி. பத்து வருடம் கழித்து அந்த ஃபோல்டரைத் திறந்தால் என்ன தெரியும் என்று யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. தமிழில் படிப்பவர்கள் யோசித்தே ஆக வேண்டும். இந்தப் பரீட்சையை நாம் ஒருமுறை எழுதித் தோற்றிருக்கிறோம்.

இழந்தவற்றின் பட்டியல் நீளம். 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸை 1999இல் யாஹூ வாங்கியது. 2009 அக்டோபர் 26 அன்று மூடியது. தமிழர்கள் தொண்ணூறுகளின் கடைசியில் கட்டிய எத்தனையோ சொந்தப் பக்கங்கள் அந்த இலவச மனையில்தான் இருந்தன. ஜேசன் ஸ்காட் என்பவர் திரட்டிய 'ஆர்க்கைவ் டீம்' தன்னார்வலர்கள் கடைசி நேரத்தில் ஓடிப்போய் அள்ளியது மட்டும் மிச்சம். அடுத்தது யாஹூ குழுமங்கள். மரத்தடி, ராயர் காபி கிளப் என்று இணையத் தமிழ் இலக்கியப் பேச்சின் முதல் திண்ணைகள் அவைதாம். 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. உறுப்பினர்கள் தங்கள் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ள அடுத்த ஜனவரி முடிய அவகாசம். 2020 டிசம்பரில் சேவையே இல்லை. கூட்டாகச் சேமிக்கப்போன தன்னார்வலர்களின் கணக்குகளை, அப்போது யாஹூவை வைத்திருந்த வெரைசன் நடுவில் முடக்கியதும் நடந்தது.

மூன்றாவது இழப்பு அதிகம் பேசப்படாதது. 2012இலிருந்து சில வருடங்கள், இந்தியாவில் இருந்துகொண்டு எந்த பிளாகர் வலைப்பதிவைத் திறந்தாலும் முகவரி 'டாட் காம்' என்பதிலிருந்து 'டாட் இன்' ஆக மாறிவிடும். படித்தவர்கள் அந்த முகவரியையே நகலெடுத்துத் தங்கள் பதிவுகளிலும் ஃபேஸ்புக்கிலும் ஒட்டினார்கள். 2020இல் அந்த 'டாட் இன்' முகவரி கூகுளின் கையைவிட்டே போய்விட்டது. வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். பதிவு பத்திரமாக இருக்கிறது, அதற்குப் போகும் வழி அடைபட்டது. சேமித்துவைத்த பக்கங்களிலும் இந்தப் பழைய முகவரிகள் அப்படியே கிடக்கும். 'இன்' என்பதை 'காம்' என்று மாற்றித் தட்டினால் பெரும்பாலும் திறக்கும்.

வேபேக் மெஷின் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, அது இல்லாவிட்டால் நம் நிலைமை இன்னும் மோசம். புரூஸ்டர் கேல் 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ், 2001இலிருந்து இதன் வழியாகத்தான் பழைய பக்கங்களைப் பொதுமக்களுக்குக் காட்டிவருகிறது. ஆனால் அது எல்லாத் தளத்தையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டுவதில்லை. ஒரு வலைப்பதிவின் முகப்பு ஐம்பது தடவை பதிவாகியிருக்கும், நடுவில் வேண்டிய பதிவு ஒருமுறைகூட இருக்காது. நீண்ட காலம் இன்னொரு சங்கடமும் இருந்தது. ஒரு டொமைன் கைமாறி, புதிதாக வாங்கியவர் 'வராதே' என்று இயந்திரங்களுக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பு வைத்தால், முந்தைய உரிமையாளரின் பத்து வருடச் சேமிப்பும் சேர்ந்து மறைந்துவிடும். 2017இல்தான் அந்த விதியைத் தளர்த்துவதாகச் சொன்னார்கள். 2024 அக்டோபரில் ஆர்க்கைவ்மீதே தாக்குதல் நடந்து, மூன்று கோடிக்கு மேற்பட்ட பயனர் கணக்குகளின் விவரம் கசிந்து, தளம் பல நாள் படுத்துக் கிடந்தது. எல்லாரும் ஒரே பெட்டகத்தை நம்பியிருப்பது சரியில்லை என்று அந்த வாரம் பலருக்கும் உறைத்தது.

சொந்தப் பிரதி எடுப்பதற்கான கருவிகளில் மூத்தவற்றுள் ஒன்று டபிள்யூகெட். ஹ்ர்வோயே நிக்‌ஷிச் 1996இல் வெளியிட்டது, இன்றும் லினக்ஸ்காரர்களின் முதல் தெரிவு. கட்டளை வரி பிடிக்காதவர்களுக்கு ஸேவியர் ரோஷின் எச்டிடிராக் 1998இல் வந்தது. முகவரியைக் கொடுத்து 'அடுத்து, அடுத்து' என்று அழுத்தினால் போதும். இரண்டும் செய்வது ஒன்றுதான்: முதல் பக்கத்தை இறக்கு, அதிலுள்ள சுட்டிகளைப் பொறுக்கு, ஒவ்வொன்றாகப் போய் அவற்றையும் இறக்கு, கடைசியில் சுட்டிகளையெல்லாம் உள்ளூர்க் கோப்புகளைக் காட்டும்படி திருத்து. மதுரைத் திட்டம் மாதிரியான தளத்துக்கு இது கச்சிதம். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய அந்த மின்னூல் திட்டத்தில் ஒரு நூலுக்கு ஒரு பக்கமோ சில பக்கங்களோ, பெரும்பாலும் அசையாத எச்டிஎம்எல். எந்தக் கருவியும் தடுமாறாது.

வலைப்பதிவில்தான் தடுமாற்றம் ஆரம்பிக்கிறது. நானூறு பதிவுகள் உள்ள ஒரு பிளாகர் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் மொபைல் வடிவம் என்று இன்னொரு முகவரி. ஒவ்வொரு கருத்துரைக்கும் அதே பக்கத்தையே காட்டும் தனித்தனி முகவரி. மாதவாரி, ஆண்டுவாரி, குறிச்சொல்வாரிப் பட்டியல்களில் அதே பதிவுகள் மறுபடி மறுபடி. கருவிக்கு இவை எல்லாம் ஒன்று என்று தெரியாது. முகவரி வேறென்றால் பக்கமும் வேறு என்று எடுத்துக்கொண்டு இறக்கித் தள்ளும். நாட்காட்டி வைத்த தளமாக இருந்தால் 'அடுத்த மாதம்' சுட்டியைப் பிடித்துக்கொண்டு 2090ஆம் ஆண்டுவரை போய்க்கொண்டே இருக்கும். இத்தனை இறக்கியும் படங்கள் வந்திருக்காது. பிளாகர் படங்கள் வேறொரு கூகுள் முகவரியில் இருப்பவை; 'இந்தத் தளத்தைத் தாண்டாதே' என்று நல்லெண்ணத்தோடு போட்ட கட்டுப்பாடே அவற்றை வெளியில் நிறுத்திவிடும்.

உறுப்பினராக உள்நுழைந்த நிலையில் கருவியை ஓடவிடுவது இன்னும் வில்லங்கம். 'வெளியேறு' என்பதும் ஒரு சுட்டிதானே? கருவி அதையும் தொடும். அதற்குப் பிறகு வந்த பக்கமெல்லாம் 'உள்நுழையவும்' என்றே இருக்கும். 'நீக்கு' என்பது சுட்டியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். 2005இல் கூகுள் வெளியிட்ட வெப் ஆக்சிலரேட்டர், பக்கத்திலுள்ள சுட்டிகளை முன்கூட்டியே திறந்துவைக்கிறேன் என்று போய், சில சேவைகளில் பயனர்களின் தரவையே அழித்த கதை நிரலாளர்கள் நடுவே பிரசித்தம்.

இதற்கெல்லாம் எளிய மாற்று, தளத்தையே துழாவாமல் பதிவுகளின் முகவரிப் பட்டியலை மட்டும் வாங்கி இறக்குவது. சைட்மேப் கோப்பில் அந்தப் பட்டியல் இருக்கும். வேர்ட்பிரஸ் 2020இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து அதைத் தானாகவே தயாரித்துவைக்கிறது. பிளாகரின் ஓடையில் (ஃபீட்) முழுப் பதிவும் கிடைக்கும் தளங்களும் உண்டு. 'முழுத்தளம்' என்ற ஆசையை விட்டுப் 'பதிவுகள் எல்லாம்' என்று தீர்மானித்தால் கோப்புகளின் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறைந்தாலும் ஆச்சரியமில்லை.

இனி, இறக்கியதைத் திறக்கும் கதை. கோப்பின் பெயரிலேயே தொடங்குகிறது. தமிழில் தலைப்பு வைத்தால் பிளாகர் அதை முகவரியில் சேர்க்காது. 'பிளாக் போஸ்ட் 12', 'பிளாக் போஸ்ட் 13' என்று எண் போட்டுவிடும். சேமித்த ஃபோல்டர் முழுக்க இப்படி ஊமைப் பெயர்கள். வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும். ஆனால் யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்; முகவரியில் அது சதவீதக் குறியோடு ஒன்பது எழுத்தாக விரியும். வேர்ட்பிரஸ் 200 எழுத்தில் கத்தரி போடுவதால், புள்ளியையும் கொம்பையும் தனித்தனியே எண்ணி இருபத்திரண்டு குறியீடுகளில் தலைப்பு நின்றுவிடும். இதற்குமேல் டபிள்யூகெட் தன் பங்குக்கு ஒன்று செய்யும். 128 முதல் 159 வரையிலான பைட்களை அது கட்டுப்பாட்டுக் குறிகள் என்று கருதிக் கோப்புப் பெயரில் மாற்றி எழுதுகிறது. உயிரெழுத்துகள், க, ச, ட, புள்ளி, உகரக் குறி எல்லாம் அந்த வலையில் சிக்குகின்றன; த, ந, ப, ம, ர தப்பித்துவிடுகின்றன. விளைவு, 'மரம்' என்ற பெயரில் இரண்டு மகரமும் ரகரமும் பிழைத்திருக்கும், கடைசிப் புள்ளி சிதைந்திருக்கும். 'கடிகாரம்' என்றால் சரிபாதிக் குறியீடுகள் சிதைவு. கோப்புப் பெயர்க் கட்டுப்பாட்டில் 'நோகன்ட்ரோல்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை; ஆங்கிலத் தளங்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகளில் அதைத் தேடினால் கிடைப்பது அபூர்வம்.

கோப்பைத் திறந்தபின் வருவதுதான் பெரிய சங்கதி. யூனிகோடு நிலைபெறும் முன் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் ஓடின. டிஸ்கி, 1999இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப், பத்திரிகைக்குப் பத்திரிகை சொந்த எழுத்துரு, ஈழத்தமிழர் நடுவே பாமினி. பாமினியில் 'அம்மா' என்று தெரியும் சொல், கோப்புக்குள் ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தாம். அதைத் தமிழாகக் காட்டியது எழுத்துரு. 2001இல் ஒரு தளத்தை முழுசாக இறக்கியவர் எழுத்துருவையும் இறக்கிவைத்திருந்தால் பிழைத்தார்.

வைத்திருந்தும் பிழைக்காதவர்கள் உண்டு. வாசகர் எழுத்துருவை நிறுவும் சிரமம் வேண்டாம் என்று பல தளங்கள் 'டைனமிக் ஃபான்ட்' வைத்தன. பக்கத்தோடு எழுத்துருவும் தானாக இறங்கும். மைக்ரோசாஃப்டின் கருவியில் செய்த அந்த எழுத்துருக் கோப்புகளுக்குள், எந்தத் தளத்தின் முகவரியில் வேலை செய்யலாம் என்று எழுதிவைக்க முடியும். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுத்துருவை ஏற்றும். ஹார்ட் டிஸ்கில் இருக்கும் பிரதிக்குத் தள முகவரி ஏது? ஒரு பைட் குறையாமல் எல்லாம் இறங்கியிருக்கும், ஒரு வரி படிக்க முடியாது. இன்றைய பிரவுசர்களுக்கு அந்த வகை எழுத்துருவே தெரியாது. டிஸ்கிப் பக்கமாக இருந்தால் என்கோடிங்கைக் கையால் மாற்றிப் பார்க்கலாம் என்றால், குரோமில் அந்த மெனுவையே எடுத்துவிட்டார்கள்.

மீட்க வழி இருக்கிறது. சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியும் என்எச்எம் கன்வர்ட்டரும் பழைய குறியாக்கங்களை யூனிகோடாக்கித் தரும். ஆனால் பாமினிப் பக்கத்தில் நடுவே நிஜமான ஆங்கிலச் சொல் வந்தால் மாற்றி அதையும் தமிழ் என்று நினைத்து உளறலாக்கிவிடும். எது தமிழ், எது ஆங்கிலம் என்று சொல்லக்கூடியது பக்கத்தின் நிரலில் இருக்கும் எழுத்துருக் குறிப்பு ஒன்றுதான். உரையை மட்டும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிவைத்தவரிடம் அந்தக் குறிப்பு இல்லை. பிடிஎஃப்பாக அச்சிட்டு வைத்தவரிடம் வடிவம் இருக்கிறது; தேடவோ நகலெடுக்கவோ போனால் அதே எம், கே, அரைப்புள்ளி. அசல் எச்டிஎம்எல்லை அப்படியே வைத்திருந்தவர்களுக்குத்தான் முழு மீட்பு சாத்தியம். அதனால்தான் 'அழகாக' மாற்றிச் சேமிக்கும் கருவிகளைக் கண்டால் எனக்குச் சந்தேகம்.

யூனிகோடு வந்ததும் இந்தப் பிரச்சினை அநேகமாகத் தீர்ந்தது. ஒரு சின்ன முள் பாக்கி. 'கொ' என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. சேமித்ததில் 'கொற்றவை' இல்லை என்று கருவி சொன்னால் உடனே நம்பிவிடக் கூடாது.

எந்த வடிவில் சேமிப்பது என்பதில் நிபுணர்களுக்கும் எனக்கும் கொஞ்சம் உரசல். நூலகங்கள் வார்க் வடிவத்தைச் சொல்லும். 2009இலேயே ஐஎஸ்ஓ தரமானது. பக்கத்தோடு, எப்போது எடுத்தது, சர்வர் என்ன பதில் சொன்னது என்பதெல்லாம் பதிவாகும். சாட்சியமாக வைக்க வேண்டியவற்றுக்கு அதுதான் சரி. வீட்டுக்காரருக்கு அதைத் திறக்கத் தனிக் கருவி வேண்டும். இலியா கிரெய்மரின் வெப்ரெக்கார்டர் குழு இலவசமாகத் தரும் ரீப்ளே தளம் அதை பிரவுசருக்குள்ளேயே செய்துவிடுகிறது என்றாலும், அந்தக் குழு இன்னும் இருபது வருடம் இருக்குமா என்று யார் சொல்ல முடியும்? ஃபயர்ஃபாக்ஸில் மாஃப் என்றொரு வடிவம் இருந்தது, ஸ்கிராப்புக் என்றொரு நீட்சி இருந்தது. 2017 நவம்பரில் 57ஆம் பதிப்பு வந்தபோது இரண்டும் ஒரே நாளில் செயலிழந்தன. படிப்பதற்கு மட்டும் வேண்டுமென்றால் வெறும் எச்டிஎம்எல் போதும். ஒவ்வொரு பக்கத்தையும் படம், வடிவமைப்போடு ஒரே எச்டிஎம்எல் கோப்பாக்கும் சிங்கிள்ஃபைல் நீட்சி எனக்குப் பிடித்தது. ஸ்கிரிப்ட் நிறைந்த பக்கங்கள் கோப்பாகத் திறந்தால் முரண்டு பிடிக்கும். அதற்குப் பைத்தானின் ஒற்றை வரிக் கட்டளையில் உள்ளூர் சர்வர் ஒன்றை ஓட்டிக்கொள்ளலாம்.

சில தளங்களைத் துழாவவே தேவையில்லை, பொட்டலம் தயாராக இருக்கிறது. விக்கிப்பீடியா தன் முழுத் தரவையும் கோப்புகளாகவே வைத்திருக்கிறது. கருவி வைத்துப் பக்கம் பக்கமாக இறக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறது. 2007இல் தொடங்கிய கிவிக்ஸ் அதைப் படிக்கத் தோதாகக் கட்டித் தருகிறது. படங்களோடு ஆங்கில விக்கிப்பீடியா சுமார் 100 ஜிபி. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ள தமிழ் விக்கிப்பீடியா ஒரு பென் டிரைவில் அடங்கும். இணையமில்லாத பள்ளிக்கூடத்துக்கு இதைவிட மலிவான நூலகம் கிடையாது. கியூபாவில் இதே யோசனை தெருவில் நடந்தது. 'எல் பாக்கெத்தே' என்று வாராவாரம் ஏறக்குறைய ஒரு டெராபைட் சினிமா, தொடர், செய்தி எல்லாம் ஹார்ட் டிஸ்கில் வீடு வீடாகக் கைமாறும். ரெவோலிகோ என்ற வரிவிளம்பரத் தளமும் அதற்குள் இருக்கும். சோபா விற்பதும் வாங்குவதும் இணையமில்லாமலே நடந்தன.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, 52(1)(ஏ) பிரிவு, ஆராய்ச்சி உள்ளிட்ட தனிப்பட்ட உபயோகத்துக்கு ஒரு படைப்பை நியாயமாகக் கையாள்வது மீறலாகாது என்கிறது. கணினி நிரல்கள் இதில் சேராது. ஒரு தளத்தையே அள்ளுவது 'நியாயமான' அளவுக்குள் வருமா என்பதற்குப் பிரிவில் அளவுகோல் இல்லை. இன்னொரு பக்கம் 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43(பி) பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு கணினியிலிருந்து தரவை இறக்கினால் நஷ்டஈடு என்கிறது. மோசடி எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவில் மூன்று வருடம்வரை சிறை. எழுத்துக்கு எழுத்து படித்தால் பிரவுசரைத் திறப்பவர்கள் எல்லாருமே 43(பி)யில் மாட்டுவார்கள். பொதுவில் வைத்தது படிக்கக் கொடுத்த அனுமதி என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு அறிவுசார் சொத்துச் சட்டம் தனியாள் தன் சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி எடுப்பதை அனுமதித்துவிட்டு, டிஜிட்டல் தரவுத்தளத்தின் பெரும்பகுதியை அப்படி எடுப்பதை விலக்குகிறது. சந்தா கட்டிப் படிக்கும் தளத்தில் மொத்தமாக அள்ளுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்க நிரலாளர் ஆரன் ஸ்வார்ட்ஸின் வழக்கு சாட்சி. எம்ஐடி வலையமைப்பு வழியாக ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்க் களஞ்சியத்திலிருந்து நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை இறக்கினார். ஜேஸ்டோர் சமாதானமாகிவிட்டது, அரசுத் தரப்பு ஆகவில்லை. வழக்கு நடக்கும்போதே 2013 ஜனவரியில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். சொந்தப் படிப்புக்கு ஒரு வலைப்பதிவைச் சேமிப்பதும் அதுவும் ஒன்றல்ல. ஆனால் சேமித்ததை மறுபடி இணையத்தில் ஏற்றினால் 'சொந்த உபயோகம்' என்ற வாதம் அந்த நிமிடமே காலி.

சட்டத்தைவிட இப்போது அவசரமானது மரியாதை. மார்ட்டின் கோஸ்டர் 1994இல் முன்மொழிந்த ரோபாட்ஸ் கோப்பு 2022இல்தான் முறையான இணையத் தரமாக எழுதப்பட்டது. அது பூட்டு கிடையாது, வேண்டுகோள். டபிள்யூகெட் தானாகவே அதை மதிக்கும். மதிக்காதே என்று சொன்னால் அதையும் கேட்கும். பக்கத்துக்குப் பக்கம் இரண்டு விநாடி காத்திருக்கச் சொன்னால் பத்தாயிரம் பக்கத்துக்கு ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராத்திரி ஓடவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும். யாருக்கும் தொந்தரவில்லை.

செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் தளங்களை வாரிக்கொள்ள ஓட்டும் உறிஞ்சிகளுக்கு இந்தப் பொறுமை இல்லை. ரீட் தி டாக்ஸ் என்ற ஆவணத் தளத்தில் ஒரே உறிஞ்சி 2024 மே மாதத்தில் 73 டெராபைட் இறக்கி, 5,000 டாலருக்கு மேல் செலவு வைத்தது. விக்கிமீடியா 2025இல் சொன்ன கணக்கில், அவர்களுக்கு அதிகம் செலவு வைக்கும் போக்குவரத்தில் 65 சதவீதம் இயந்திரங்களுடையது. பதிலுக்குத் தளங்கள் கதவைச் சாத்துகின்றன. 2025 ஜூலையில் கிளவுட்ஃபிளேர், புதிதாகச் சேரும் தளங்களுக்கு இந்த உறிஞ்சிகளைத் தடுப்பதே இயல்பு என்று ஆக்கியது. அனுபிஸ் மாதிரியான காவலாளிகள் வருகிறவரின் பிரவுசரிடம் ஒரு கணக்கைக் கொடுத்துப் போட்டால்தான் உள்ளே விடுகின்றன. அப்படிக் கணக்குக் கேட்டால், ஜாவாஸ்கிரிப்ட் தெரியாத டபிள்யூகெட் அந்த வாசலிலேயே நின்றுவிடும். 2025 ஆகஸ்டில் ரெடிட் இன்டர்நெட் ஆர்க்கைவையும் தன் பெரும்பகுதியிலிருந்து விலக்கியது. கம்பெனிகள் வாரியதற்குத் தண்டனை அனுபவிப்பது, விரும்பிய எழுத்தாளரின் இருநூறு கட்டுரைகளைச் சேர்த்துவைக்க நினைக்கும் வாசகர்.

அந்த வாசகருக்கு இரண்டு வழி பாக்கி. ஒன்று, பிரவுசரில் தானே படித்தபடி, படிக்கிற பக்கத்தைப் பதிவு செய்துகொண்டே போவது. வெப்ரெக்கார்டரின் நீட்சி அதைச் செய்யும், இருநூறு கட்டுரைக்கு அது ஒன்றும் மலையில்லை. மற்றது, எழுதியவரிடமே கேட்பது. பிளாகரின் அமைப்புகளில் காப்புப் பிரதி எடுக்கும் வசதி இருக்கிறது; தளத்தின் சொந்தக்காரர் அழுத்தினால் எல்லாப் பதிவும் எல்லாக் கருத்துரையும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாக இறங்கும், மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம். படங்கள் அதில் வராது, அவற்றின் முகவரி மட்டும்தான் இருக்கும். அந்த முகவரிகளைப் பிரித்தெடுத்து, அவை உயிரோடிருக்கும்போதே தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும்.